மிச்சம் பதினொரு நொடி

பேச வருகிறவருக்கு இரண்டு நிமிடம்.
பச்சை. முப்பது நொடி இருக்கையில் மஞ்சள்.
பிறகு சிவப்பு, ஒலிவாங்கி ஊமை.
விசைமேல் இருப்பது என் விரல்.
பதவியின் பெயர்: குழு எழுத்தர், இரண்டாம் நிலை.

சட்டசபை வாசலில் காவலர்
பதாகைகளின் குச்சிகளைப் பிடுங்கி
குப்பைத் தொட்டியில் நட்டு வைத்திருந்தார்.
குச்சி ஆபத்தாம்.
உரிமம் உள்ளவர்கள் இடுப்பில் இருந்ததோடு
மேல்மாடம் ஏறிப்போனார்கள்.
விதியை எழுதியது நான் இல்லை,
நகல் எடுத்தவள் மட்டும்.

மசோதா எண் இருநூற்றுப் பதினேழு.
போன வருஷம் இதற்கு வேறு எண்.
அதற்கு முந்தைய வருஷம் இன்னும் தடிமன்.

வெண்டல் ஷூமாக்கர், ஆதரவு.
எழுந்து வருமுன்பே தெரியும் எனக்கு
அந்தப் பழுப்புக் கோட்டு.

முதல் வருஷம்
அவர் மகள் ஓடெட் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத்
தட்டில் ஒதுக்கிய இடத்திலேயே சிவப்பு விழுந்துவிட்டது.
உதடு அசைந்துகொண்டிருந்தது.
அறைக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது:
அவளுக்கு மொறுமொறுப்பு பிடிக்காது.

இரண்டாம் வருஷம் ரொட்டியை விட்டுவிட்டார்.
பள்ளிப் பேருந்து வரை வந்தார்,
ஒற்றைக் கையுறையோடு அவள் ஏறியது வரை.

இந்த வருஷம் கையுறையும் இல்லை.
பெயர், வயது, வகுப்பறை எண்.
பத்தொன்பது வயதுக்காரனிடம் கடை கேட்டிருக்கலாம்,
கேட்கச் சொல்லிச் சட்டம் இல்லாத
ஒரே ஒரு கேள்வி.
நன்றி, தலைவரே.
நிமிர்ந்து பார்த்தேன்.
பதினொரு நொடி மிச்சம்.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
சுருக்கு, எண்ணைச் சொல், அழாதே.
குளியலறைக் கண்ணாடி முன் பழகியிருக்க வேண்டும்.
தேறிவிட்டார்.
என் பேரேட்டில் கூடுதல் நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு,
மிச்சத்துக்கு இல்லை.

அடுத்து லொரெய்ன் பிகாட், எதிர்ப்பு.
ஷூமாக்கர் கால்களை ஒதுக்கி வழி விட்டார்.
அவள் தலையசைத்தாளா, தடுமாறினாளா, தெரியவில்லை.
ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.
ஊருக்கு வெளியே பதினெட்டு மைல்.
ஜூனில் விடுதலையாகும் முன்னாள் கணவன்.
போன முறை கூப்பிட்டபோது ஷெரிஃபின் வண்டி வர
நாற்பத்தொரு நிமிடம்.
நாற்பத்தொன்று, என்றாள் மறுபடி,
என்னைப் பார்த்து,
கணக்கு வைப்பவள் நான் என்பதால்.
அவளும் பொய் சொல்லவில்லை.

துக்கத்தோடு சட்டம் எழுதாதீர்கள் என்றார் ஒருவர்.
துக்கம் வற்றினால் இந்த அறைக்கு
யார் வரப்போகிறார்கள் என்றாள் ஓர் ஆசிரியை.
கழுத்துப்பட்டைக்காரர் ஒருவர்
அரசியலமைப்பின் ஒரு காற்புள்ளியைப் பற்றி
முழு இரண்டு நிமிடம் பேசினார்,
சிவப்புக்குப் பிறகும் கொஞ்சம்.
அதற்குக் கட்டம் இருந்தது. எழுதினேன்.

என் அலமாரியிலும் அப்பாவின் மான் துப்பாக்கி நிற்கிறது,
குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால்.
எண்ணெய் போட்டு ஆறு வருஷம்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
எழுத்தருக்குப் படிவம் கிடையாது.

வாக்கெடுப்பு ஒத்திவைப்பு.
காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளை எண்ணினேன்:
ஐந்தில் இரண்டு காலி, போன வருஷத்தைவிடக் குறைவு.
வெளியே பனியும் மழையும் கலந்து கொட்ட,
குச்சிகளைக் கேட்டு
ஒருவரும் திரும்பி வரவில்லை.

வீட்டில், மைக்ரோவேவில் சூப்பு சுழன்றது.
முடியும் முன்பே கதவைத் திறந்துவிடுவது என் வழக்கம்,
அதன் கூப்பாடு ஆகாது எனக்கு.
திறந்தேன். பச்சை எழுத்தில் ஒன்பது.
சூப்பின் நடுவில் இன்னும் பனிக்கட்டி.
எண்ணை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது,
தொடவில்லை.
ரொட்டி எடுத்தேன்.
ஓரத்தோடு தின்றேன்.