தீபாவளிக் காலை, மூன்றாம் தொட்டி

நாலரைக்கே மீட்டர் முள் ஏறுகிறது.
நோன்பு மாதத்தில்தான் இப்படி ஏறும்;
இன்று நம் ஆட்கள்.

தெலுக் கும்பாரின் குளியலறைகளிலிருந்து
குழாய் குழாயாய் வந்து சேர்கிறது
கங்கை.

சல்லடைக் கம்பியில் சீயக்காய் உறை,
ஒரு ரப்பர் வாத்து,
யாரோ அழுது தேடப்போகும் மூக்குத்தி,
இல்லை, வெறும் மீன் செதில்.

மூன்றாம் தொட்டியில் நல்லெண்ணெய் மிதக்கிறது.
நுண்ணுயிர்களுக்கு எண்ணெய் ஆகாது,
மூச்சு முட்டும், பழுப்பாய் நுரை தள்ளும்.
காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்து
"தின்னுங்கடா, இன்னிக்குப் பெருநாள்" என்றேன்.

கைப்பேசியில் அத்தாச்சி:
"கங்கா ஸ்நானம் ஆச்சா, குமுதவல்லி?"
"பூட்ஸ் வரைக்கும் ஆச்சு."

ஏழு மணிக்கு மாதிரி எடுத்து
குடுவையைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்.
தெளிவு.
உள்ளே கடல், ஒரு படகு
தலைகீழாக.

ஆனால் இது நேற்றைய தண்ணீர்.
இன்றைக்குத் தேய்த்த எண்ணெயெல்லாம் கரைந்து
கடல் சேர ராத்திரியாகும்.
அப்போது ஷிப்டில் ஹஸ்னா இருப்பாள்,
நான் வீட்டில், ஒருவேளை குளித்திருப்பேன்.

பலகையில் எழுதினேன்:
மூன்றாம் தொட்டி, எண்ணெய், கவனம்.
அதன் கீழே
முறுக்கு டப்பாவை வைத்துவிட்டு
பூட்ஸைக் கழற்றினேன்.