ஏகாரம்

டிராம்பேயில் பெயிண்ட் கம்பெனி.
மூன்றாவது மாடி ஏசி அறையில்
வருஷத்துக்கு நாலு நாள் எனக்கு நாற்காலி உண்டு.
மற்ற நாளெல்லாம் மிக்ஸிங் ஷெட்.
இமை முடி வெளுத்துத்தான் வீட்டுக்குப் போவேன்.

வருங்கால வைப்பு நிதி டிரஸ்ட்.
கம்பெனி சார்பில் மூன்று பேர்,
ஷெட் சார்பில் மூன்று பேர்.
மராத்தியில் விஸ்வஸ்த் என்பார்கள்.
தமிழில் அறங்காவலர் என்று சொல்லி
அர்த்தமும் சொன்னேன் விட்டல் காம்ப்ளியிடம்.
காவல்காரனா? அப்போ விசில் எங்கே, என்றான்.

அன்றைக்குப் பதினோரு அயிட்டம்.
ஏழாவது,
சாலை போடும் கம்பெனி ஒன்றின் கடன் பத்திரம்.
பன்னிரண்டு கோடி.
சர்க்கார் பத்திரத்தைவிட முக்கால் சதவீதம் கூட.
விதி எவ்வளவு தூரம் விடுகிறதோ
அதற்கு ஒரு நூல் உள்ளே.
பருலேகர் சாப் விரலால் தொட்டுக் காட்டினார்:
ஏ ஏ ஏ.
அதற்குள் வடா வந்துவிட்டது,
பச்சை மிளகாய் தனித் தட்டில்.
எட்டாவதுக்குப் போய்விட்டோம்.

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில்
என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான்:
ஏகாரம் ஒன்று, அதற்கு வேலை பல.
உண்டே பணம் என்றால் தேற்றம்.
நீயே எடுத்தாய் என்று இழுத்தால் வினா.
செய்யுள் முடிவில் சும்மா வந்து நின்றால் ஈற்றசை,
பொருள் கிடையாது, ஓசைக்கு மட்டும்.
மூன்றையும் நான் தேற்றம் என்று படித்தேன்.

மினிட்ஸ் புத்தகத்தில்
இருநூறு பக்க இங்கிலீஷுக்கு நடுவே
தமிழ் ஒரே ஒரு வரி:
எ. ஞானசிகாமணி.

இரண்டாம் வருஷம் வட்டி வரவில்லை.
ஒரே ராத்திரியில் தரம் டி.
ஏக்கும் டிக்கும் நடுவில் இருந்த எழுத்தெல்லாம்
எந்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டன?

நஷ்டத்தை முதலாளி ஈடு கட்ட வேண்டும் என்று
விதி இருக்கிறது. நல்ல விதி.
முதலாளி இல்லை.
கம்பெனியே திவாலாகி ஒரு வக்கீல் கையில் இருக்கிறது,
அவர் எல்லாக் கேள்வியையும்
கவருக்குள் வைத்துக் கேட்கச் சொல்கிறார்.

குர்லா வரும்வரை டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அறுநூற்று நாற்பது பேர்.
தலைக்கு ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு.
அது பொய்க் கணக்கு.
முப்பத்துநாலு வருஷக் காம்ப்ளிக்கும்
போன தீபாவளிக்குச் சேர்ந்த பையனுக்கும்
எங்கே ஒரே தலை?

பாந்த்ரா ஆபீசில் அதிகாரி கேட்டார்:
முன்மொழிந்தது யார்?
பருலேகர்.
வழிமொழிந்தது?
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
ஃபைலில் என் வரியை என் பக்கமாகத் திருப்பி வைத்து,
இது என்ன பாஷை, என்றார்.

கடைசிக் கூட்டம்.
இழப்பைக் கணக்கில் ஏற்றிக்கொள்வதாகத் தீர்மானம்.
படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.
ஒன்றரை மணி நேரம்.
எல்லோரும் போனைப் பார்த்தார்கள், ஒருவர் குறட்டை விட்டார்,
வடா ஆறி எண்ணெய் தாளில் இறங்கியது.
படித்து முடித்து
கையெழுத்துக்கு மேலே எழுதினேன்:
எனக்கு இது புரியவில்லை.
இதற்குக் காலம் கிடையாதே, என்றார் பருலேகர்.
சம்மதம், மறுப்பு, இரண்டுதான் உண்டு.
அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை.
அதனால் ஒரு பைசா திரும்பி வரப்போவதில்லை,
அதுவும் தெரியும்.

கோவண்டி பிளாட்பாரம்.
காம்ப்ளிக்கு மார்ச்சில் ரிட்டயர்மெண்ட்.
உள்ளங்கையில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டே வந்தான்,
எவ்வளவு போச்சு என்று கேட்கவில்லை.
நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையை
ஏழு வருஷமாக எங்கே வைத்திருந்தானோ,
றகரம் அவன் வாயில் எப்போதும் வராது,
அரங்காவலரே, என்றான்.

தேற்றமா, வினாவா.
விளி என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன்.
பன்வேல் வண்டி இரைச்சலோடு நடுவில் புகுந்தது.