கசிவு

பின்சுவரோரம் நாலடி மண் எப்போதும் ஈரம்.
மியர்பேங்க் முழுக்க ஒருகாலத்தில் சதுப்புதானே என்று
சொல்லிச் சொல்லியே பதினொரு வருஷம் ஓட்டிவிட்டோம்.
ரோஜா வைத்தேன், வேர் கறுத்தது.
மல்லிகை இரண்டு மழைக்கு நின்றது.
கறிவேப்பிலையைப் பற்றி நான் பேசமாட்டேன்.

பைன்டவுன் நர்சரியில் மூன்று கோரை வாங்கினேன்:
விளிம்பில் வெள்ளைக்கோடு போட்டது ஒன்று,
கதிரைத் தொங்கவிட்டு நிற்பது ஒன்று,
வெண்கல நிறத்தில் ஒன்று.
தலைக்கு எண்பத்தைந்து ராண்ட்.
"கோரைக்கா காசு குடுத்தே?" என்றார் ஜெயசீலன்.
"அடுத்த வாரம் அருகம்புல் வாங்கு, அப்புறம் எருக்கு."
பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சிரித்தார்.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன்.
புல் உருளும். இது உருளாது.
மூன்று விளிம்பு.
அம்மா என் தலையை வாரும்போதெல்லாம்
கோரைமுடி, கோரைமுடி என்று சீப்பை எறிவாள்.
இதையும் வெட்டக்கூடாதாம்.
விரல்களைக் கொடுத்து அடியிலிருந்து நுனிவரை கோதினால்
செத்த தாள் தானே கையோடு வரும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் கோதினேன்,
முழங்கால் நனைய, எண்ணெய் ஆலை வாடையில்.

மூன்றாம் வருஷம் ரொட்டிக் கத்தியால் பிளந்து
மூன்றை ஒன்பதாக்கினேன்.
தவளை ஒன்று குடிவந்தது.
அதன் சத்தத்துக்கு மேலே டீவியைக் கூட்டிவைத்தார் ஜெயசீலன்.

பிறகுதான் நகராட்சி ஆள் வந்தார், பெயர் பெகுமூசி,
தண்ணீர்க் கட்டணம் பற்றி நாங்கள் போட்ட
பதினேழாவது புகாருக்கு.
நீளக் கம்பியை மண்ணில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து
வெகுநேரம் கேட்டார்.
"சதுப்பு இல்லை மா. குழாய்."

தோண்டுமுன் ஒவ்வொரு குத்தையும் மண்ணோடு பெயர்த்து
வாளியில் வைத்தார், நான் கேட்காமலே.
அரைநாளில் அடைத்துவிட்டார்.
ஜெயசீலன் அவருக்கு இரண்டு கப் டீ கொடுத்தார்.
நான் உள்ளேயே இருந்தேன்.

மண் வெளுத்தது. தவளை போயிற்று.
கட்டணம் பாதியாகக் குறைந்த அன்று
வீட்டில் பாயசம்.
வெள்ளைக்கோடு நுனியில் கருகியது; அது நேர்மையான செடி,
வலித்தால் காட்டிவிடும்.
வெண்கலத்தைத்தான் நம்பமுடியவில்லை.
நலமாக இருக்கும்போதே செத்த நிறம் அதற்கு.
வாளி வாளியாய் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
அது ஒன்றும் சொல்லாது.

நேற்று ராத்திரி சமையலறையில் ஏதோ இடிபட்ட சத்தம்.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
ஜெயசீலன் மல்லாந்து கிடக்கிறார்,
வாயில் டார்ச், கையில் பச்சைக் குழாய்,
சன்னல் வழியே மறுமுனை தோட்டத்துக்கு.
டார்ச்சை எடுத்துவிட்டுக் கேட்டார்:
"சோப்புத் தண்ணி ஆகுமா?"
கடைசி அலசல் மட்டும் என்றேன்.

இன்று காலை வெண்கலக் குத்தில் ஒருபிடி பற்றி
மெல்ல இழுத்தேன்.
நாலைந்து வந்தன.
மீதி வரவில்லை.