கண் மூடிய நேரம்

பதினோரு வருடம்
ஜூரோங் உணவங்காடியில்
புருவம் சொறிவதுபோல்
ஜெபம் செய்திருக்கிறேன்.
தலைவலியா என்பாள் சியூ லிங்.
ஆமாம் என்பேன்.
ஒரு ஜெபத்துக்கு ஒரு பொய்.

நேற்று
முப்பத்தெட்டுப் பேரின் ஓவர்டைமை
அரைமணி அரைமணியாகச்
சுரண்டச் சொன்னார் மேலாளர்.
"எல்லாக் கம்பெனியிலும் இதுதானே, ஜெசிந்தா."
எல்லாரும்.
அந்தச் சொல்லுக்குள் எத்தனை வருடம்
சொகுசாகக் குடியிருந்தேன்.

வீரபாண்டி, ஆறரை மணி நேரம்.
ஆறரை என்றே அடித்தேன்.
ரஃபீக்குல், ஒன்பது.
விரல் நடுங்கியது. வீரமெல்லாம் இல்லை;
வீவக வீட்டுக்கு
இன்னும் பதினாலு வருடத் தவணை.

இன்று மதியம்
சியூ லிங் வேறு மேசை.
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
நெற்றிக்குப் போன கையைப்
பாதியில் இறக்கினேன்.
கண்ணை மூடினேன்,
முழுதாக.
வார்த்தை வரவில்லை.
முப்பத்தெட்டுப் பெயர்தான் வந்தது,
ஒவ்வொன்றாக, பட்டியல் வரிசையில்.

திறந்தபோது
முட்டையில் பாதியை
மைனா கொண்டுபோயிருந்தது.
மீதிக்கு வந்த இன்னொன்றைத்
துடைக்கும் துணியால் விரட்டியபடி
தட்டெடுக்கும் சீனக் கிழவர்
என் மேசையருகே காவல் நின்றிருந்தார்.
முடிந்ததா என்பதுபோல் பார்த்தார்.

ஆமென்
இன்னும் சொல்லவில்லை.