வித்தியாசம் ஆறு

தலைஞாயிறு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு.
கண்ணாடிப் பலகையில் மை உருட்டுகிறேன்.
வரிசையாக உள்ளங்கைகள் வருகின்றன,
அடி வாங்கப் பழகிய கோணத்தில் ஒன்று.

"சோசியமா டீச்சர்?"
தர்ஷிகாவின் அம்மா, அம்சவல்லி.
இறால் கம்பெனி வேனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.
இல்லைங்க, இது நடந்து முடிஞ்சதுக்கு, என்றேன்.

சுட்டுவிரலுக்குக் கீழே மூன்று வரி பிரியும் இடம்.
எங்கள் பாடத்தில் அதற்கும் டெல்டா என்றுதான் பெயர்.
நடுவிரலுக்குக் கீழே இன்னொன்று.
இடைப்பட்ட வரிகளை ஊசிமுனையால் எண்ண வேண்டும்.
வலது கை நாற்பது.
இடது கை முப்பத்து நான்கு.
திரும்ப எண்ணினேன். முப்பத்து நான்கு.

இரண்டு கைக்கும் ஒரே உத்தரவுதான்.
ஒரே ரத்தம், ஒரே வாரம்.
வாய்க்கால் பிரிகிற இடத்தில்
இரண்டு ஷட்டரையும் ஒரே அளவு தூக்கியும்
ஒரு பக்கம் நடவு முடிந்து
மறுபக்கம் நாற்றங்கால் காய்வதில்லையா,
அப்படி.
மதகைக் கேட்டுப் பயனில்லை.
வழியில் என்ன அடைத்தது என்று கேட்கலாம்.

கேட்டேன்: நாலாம் மாசம் எப்படி இருந்தது?
"கஜா," என்றாள்.
மிச்சம் தானாக வந்தது.
பதினோரு நாள், இதே அறை, அந்த ஜன்னலோரம்.
பொட்டலச் சோறு. குளோரின் வாசத் தண்ணீர்.
செத்த மாட்டை இழுத்துப்போட ஆள் கிடைக்காத மூன்று நாள்.
"அதெல்லாம் உள்ள போயிருக்குமா?"

ஒரு பிள்ளையின் கையை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.
முந்நூறு பிள்ளை, அறுநூறு கை,
சராசரியில்தான் புயல் தெரியும்,
தெரிந்தால்.
அவளிடம் சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை.
அவள் மகளின் இடது கையை
முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்,
மை போன பிறகும்.

"என் கையையும் எடுங்க."
படிவத்தில் தாய்க்குக் கட்டம் கிடையாது. எடுத்தேன்.
உரித்து உரித்து விரல்நுனியெல்லாம் வழுக்கை.
ரேஷன் கடை மெஷினும் இவளை நம்புவதில்லையாம்.
உள்ளங்கை மட்டும் விழுந்தது,
ஓட்டின் கீறல்களோடு.
எண்ணவில்லை. மடித்து வைத்துக்கொண்டேன்.

ராத்திரி, திருத்துறைப்பூண்டி லாட்ஜில்,
மிச்ச மையில் என் இரண்டு கை.
வலது முப்பத்தெட்டு.
இடது இருபத்தொன்பது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
நான் வயித்துல இருந்தப்ப, நாலாம் மாசம்,
ஏதாவது நடந்துச்சாம்மா?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

"ஒண்ணும் இல்லையே," என்றாள்.
"சாப்ட்டியா?"