கட்டைவிரல்

இரும்புத் தகட்டில் வால்நட் மரம்
வளர்க்கிறாள் லோர்னா விக்ஸ்ட்ரோம்.
டுலூத்தில் பிப்ரவரி. ஷெட்டுக்குள்
மண்ணெண்ணெய் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.

முதலில் தேன்நிற பெயின்ட்.
அது காய்ந்தபின் ஜெலட்டின் உருளையில் கறுப்பு மை.
ஒரே இழுப்பு. நடுவில் நின்றால் ரேகை ஒடியும்.
மூச்சை அப்புறம் விட்டுக்கொள்ளலாம்.

நாற்பத்தொன்றாம் வருஷத்து ஷெவர்லே.
அதில் மரம் எப்போதும் இருந்ததில்லை,
மரம் மாதிரி இருந்தது.
சுரண்டுவதற்கு முந்தின நாள் கண்ணில் பட்டது:
இடப்பக்கக் கதவு விளிம்பில்
மை உலருமுன் எவனோ தொட்டுப் பார்த்த
கட்டைவிரல் தடம்.
வார்னிஷுக்கு அடியில்
எண்பது வருஷமாய்.

போட்டோவைப் பார்த்த வண்டிக்காரர் ஹாஸ்கெட்,
"அதுவும் வேணும்" என்றார்.
"அசல்னா அசல்தான்."

மூன்று முறை அழுத்தினாள்,
மூன்று முறை துடைத்தாள்.
அவள் விரல் சிறுசு.

எதிர்க்கடை வெல்டர் ஆர்வோவைக் கூப்பிட்டாள்.
என்ன ஏது என்று கேட்காமல்
பூட்ஸில் பனியோடு வந்து
கையுறையைக் கழற்றினான்.

"தொடு" என்றாள்,
"தெரியாமல் தொட்ட மாதிரி."

அதுதான் அவனுக்கு வரவேயில்லை.