இருபத்துநான்கு கிராமுக்கு ஓர் அறை

அடகுச் சீட்டில் எடை இருக்கிறது,
அளவு இல்லை.
செயின் ஒன்று, இருபத்துநான்கு கிராம்.
வளையல் இரண்டு, பதினாறு.
ஜிமிக்கி ஒரு ஜோடி, கல் நீக்கி ஆறேகால்.
கூட்டுறவு வங்கியின் ஊதா முத்திரை
ஜிமிக்கியின் கொம்பைத் தின்றிருந்தது.

கிராமை எந்த உளியால் அளப்பது?

ஜெசிந்தாவிடம் கேட்டேன்.
மணிக்கட்டைச் சுற்றிய நூலை
ஸ்கேலில் நீட்டிக் காட்டி
வீடியோ அனுப்பினாள்.
பின்னால் குக்கர், மூன்றாவது விசில்.
வளையலுக்கு அறை முடிவாயிற்று.

ஷார்ஜா, பதினோராம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
வெள்ளிக்கிழமைகளில்
சாவியைத் தந்துவிட்டுப் போவார் ஃபோர்மேன் சர்வர் கான்.
மெஷின் மட்டும் ஓட்டாதே,
கரண்ட் பில்லை முதலாளி விரல் வைத்து வாசிப்பார்.
ஆகவே எல்லாம் கைதான்.

கதவு போட்டு மிஞ்சிய தேக்கில் பெட்டி.
நிறம் சேரவில்லையென்று
துபாய் வில்லா ஒன்று திருப்பியனுப்பிய வால்நட் கொஞ்சம்.
லிஃப்ட் கதவோரத்துப் பித்தளைப் பட்டி, ஒரு சாண்.
சிப்பி, அஜ்மான் மீன் மார்க்கெட்டில்.
சதை எனக்கு, ஓடு உனக்கு என்று
பாதிக் காசு போட்டான் திலக் குருங்.

மயில் வேண்டாம் என்றிருந்தாள்.
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குமாம்.

பட்டறை வாசலில் குப்பூஸ் பொறுக்குகிற
மைனாவைப் பிடித்தேன், பென்சிலால்.
அவளும் இந்த ஊர்க்காரி இல்லை.
எவனோ கூண்டில் கொண்டுவந்தான்,
எவனோ கூண்டைத் திறந்தான்.
இப்போது யாரும் அவளிடம் ஐடி கேட்பதில்லை.
உடலுக்கு வால்நட்.
சிறகின் வெள்ளைக்குச் சிப்பி.
கண்ணோர மஞ்சளுக்கு லிஃப்ட் கதவு.

சிப்பியைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் அறுக்கவேண்டும்,
தூள் நெஞ்சில் தங்கிவிடும்.
பல் டாக்டர் அறை வாசனை.
மூன்று உடைந்தன. நாலாவது
சிறகாகச் சம்மதித்தது.

கத்தி கீறிய கோட்டுக்குள் நிற்கவேண்டும் உளி.
முடியளவு தாண்டினாலும்
மரத்தூளைப் பசையில் பிசைந்து
பொய் சொல்லியாக வேண்டும்.
என் மைனாவில் ஒரு பொய் இருக்கிறது.
எங்கே என்று சொல்லமாட்டேன்.

ஏசிக்குள் மூடி அழகாக உட்கார்ந்தது.
ஆகஸ்ட் இரவில் வெளியே எடுத்துவந்தேன்,
ஈரக்காற்றைக் குடித்து விம்மி
திறக்கமாட்டேன் என்றது.
சீவினேன்.
உள்ளே கொண்டுபோனால் வாய் பிளந்தது.
கடைசியில் தூத்துக்குடிக் காற்றை மனதில் வைத்து
குத்துமதிப்பாக விட்டேன்.

செயின் அறைக்கு வெல்வெட் ஒட்டப்போன இரவு
கூப்பிட்டாள்.
செயினை வித்துட்டேன்.
மீட்டு, வித்து, மிச்சத்துல ஒரு ஓவர்லாக் மெஷின்.
ஸ்கூல் யூனிஃபார்ம், நூத்திநாப்பது செட்.
முன்னாடியே சொன்னா நீங்க யோசிப்பீங்க,
யோசிக்க நேரமில்ல.

கோபமா என்றாள்.
இருந்தது.
கடைக்கு நடந்து, ஒரு சுலைமானி குடித்து,
திரும்பி வருகிற தூரம் இருந்தது.
நாலு மாதமாக அந்த அறையை
இழைத்து இழைத்து வைத்திருந்தேன்,
கொக்கி சிக்காமல் இருக்க ஒரு சரிவுகூட.

பிறகு கேட்டேன்,
பாபின் எத்தனை மில்லி விட்டம்?

சிரித்தாள்.
ஓவர்லாக்குக்கு ஏதுங்க பாபின்,
தச்சருக்குத் தையல் தெரியாது.
ஊசிக்கு இடம் போதும்,
ஊசிதான் கண்ட இடத்துல காணாமப் போகுது.

சரிவை எடுத்துவிட்டு
தேக்குச் சட்டம் ஒன்று வைத்தேன், துளையிட.
என்ன தடிமன்?
பதினாலாம் நம்பர் என்றாள்.
மறுபடியும் எண்.
மறுபடியும் அளவில்லை.

இருங்க என்று
ஸ்கேல் தேடப் போனாள்.
போன் மேசைமேல் கிடந்தது,
கூரையையும் பாதி ஃபேனையும் காட்டிக்கொண்டு.
குக்கர் சத்தம் இல்லை.
மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

யார் ஓட்டுவது?